படம் சாட்சி சொல்லாது

"படத்தைப் பார்த்தாலே தெரிஞ்சிடுமா மேடம்?"

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் குறைவு. பிள்ளையை அழைத்து வரும் பெற்றோர் கேட்கிறார்கள். பயிற்சிக்கு வரும் உளவியல் மாணவர்கள் கேட்கிறார்கள். சில நாள் கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்திருப்பவரே கேட்கிறார். அவர் கேட்கும்போது அதில் பயமும் இருக்கும், ஆசையும் இருக்கும். தன் வாயால் சொல்லாததை இந்தப் படம் சொல்லிவிடுமோ என்ற பயம். அதுவாவது சொல்லிவிட்டால் தேவலையே என்ற ஆசை.

என் பதில் எப்போதும் ஒன்றுதான். தெரியாது. நீங்கள் யாரை விரும்புகிறீர்கள், உங்களை ஆணாக உணர்கிறீர்களா, பெண்ணாகவா, இரண்டிலும் அடங்காமலா என்பதை எந்தப் படமும் எனக்குச் சொல்லாது. நீங்களாகச் சொன்னால் உண்டு. சொல்லாமலும் இருக்கலாம், அப்போதும் இங்கே வேலை நடக்கும்.

ஹெப்பகோடியில் கலைவழிச் சிகிச்சை செய்கிறேன். எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி ஓசூர் சாலையில் வந்தால், பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கு முன்னால் இருக்கிற ஊர். 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் திறந்தபிறகு பெங்களூரின் உள்ளிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஆனாலும் என்னிடம் தமிழில் பேச வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்தச் சாலையின் ஆட்கள்தான். கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர்ப் பக்கத்திலிருந்து வந்து கார்மென்ட்ஸிலும் மெஷின் ஷாப்பிலும் மருந்துக் கம்பெனிகளிலும் வேலை பார்ப்பவர்கள், பீஜியில் தங்கியிருக்கும் ஐடி பிள்ளைகள். நான் இங்கே சொல்லப்போகும் எவரும் தனி ஓர் ஆள் அல்ல. பலரிடம் கண்டதைக் கலந்து, ஊரையும் வேலையையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

"படத்தைப் பார்த்தால் தெரியும்" என்ற நம்பிக்கை மக்களிடம் சும்மா வந்துவிடவில்லை. எங்கள் துறைதான் அதை ஊட்டி வளர்த்தது. 1949இல் காரன் மக்கோவர் என்ற அமெரிக்க உளவியலாளர், மனித உருவம் ஒன்றை வரையச் சொல்லி அதிலிருந்து ஆளுமையைக் கணிக்கும் முறையைப் புத்தகமாக எழுதினார். ஓர் ஆண் முதலில் பெண் உருவத்தை வரைந்தால் அவருடைய பால் அடையாளத்தில் ஏதோ கோளாறு என்று எண்ணும் வழக்கம் அதிலிருந்து பரவியது. எட்டே வருடத்தில், 1957இல், ஈவ்லின் ஹூக்கர் வேறொன்று செய்தார். தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் 30 பேர், எதிர்பாலீர்ப்புள்ள ஆண்கள் 30 பேர். இருவகையினருக்கும், மைக்கறையில் என்ன தெரிகிறது என்று கேட்கும் ரோர்ஷாக் மைத்தடம் உள்ளிட்ட ஒரே பரிசோதனைகளைக் கொடுத்தார். யாருடையது என்ற அடையாளத்தை நீக்கிவிட்டு, முடிவுகளை அந்தத் துறையின் பெரிய கைகளிடமே நீட்டினார். யார் எந்த வகை என்று அவர்களால் பிரிக்க முடியவில்லை. தன்பாலீர்ப்பு நோயல்ல என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் முடிவெடுக்க வழிசெய்த ஆய்வுகளில் இது முக்கியமானது.

1969இல் வந்த சாப்மன் தம்பதியின் ஆய்வு அதைவிடக் கூர்மையானது. தன்பாலீர்ப்பின் "அறிகுறிகள்" என்று மருத்துவர்கள் மைத்தடத்தில் அடையாளம் கண்டுவந்தவை ஆய்வில் நிற்கவே இல்லை. பயிற்சியே இல்லாத கல்லூரி மாணவர்களிடம், மைத்தடப் பதிலுக்கும் ஈர்ப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லாத தரவுகளைக் கொடுத்தபோது, அவர்களும் அதே "அறிகுறிகளை"க் கண்டுபிடித்தார்கள். மைத்தடத்தில் இருந்தது, பார்த்தவர்கள் ஏற்கெனவே மனதில் வைத்திருந்த எண்ணம்தான்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைத்துவிட வேண்டாம். நைஜீரியாவிலிருந்து தப்பி வந்த ஒருவர், தன்பாலீர்ப்பாளர் என்பதால் ஊரில் தனக்கு ஆபத்து என்று சொல்லி 2015இல் ஹங்கேரியில் அடைக்கலம் கேட்டார். அவர் சொன்னதைச் சரிபார்க்க அவரைப் படம் வரையச் சொன்னார்கள், மழையில் நிற்கும் ஒரு மனிதனை. மைத்தடமும் காட்டினார்கள். உங்கள் ஈர்ப்பை எங்களால் உறுதிப்படுத்த முடியவில்லை என்று மனுவைத் தள்ளினார்கள். இப்படிப்பட்ட பரிசோதனையை வைத்து ஒருவரின் பாலீர்ப்பைத் தீர்மானிக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018 ஜனவரி 25 அன்று தீர்ப்பளித்தது. உயிருக்குப் பயந்து வந்தவர் கையில் பென்சிலைக் கொடுத்து, மழையை வரை, குடை இருக்கிறதா பார்க்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் தினமும் கையாளும் அதே பென்சில், அதே காகிதம். நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

அப்படியானால் கலை எதற்கு?

பேச்சு நேராகக் கேட்கும், கலை சுற்றுவழியில் வரவிடும். நேராகக் கேட்டால் மூடிக்கொள்கிற விஷயம் இது. பலருக்குத் தங்களைப் பற்றித் தெரிந்த ஒரே சொல் பள்ளியில் பின்னால் இருந்து வீசப்பட்ட வசைதான். தன்பாலீர்ப்பாளர், திருநங்கை, திருநம்பி, பால்புதுமையினர் என்றெல்லாம் நல்ல சொற்கள் வந்துவிட்டன. அவை அவர்களை வந்துசேரும்வரை, மண்ணிலும் நிறத்திலும் அசைவிலும் தன்னைத் தொட்டுப் பார்க்க ஓர் இடம் வேண்டும். வந்துசேர்ந்த பிறகும் சிலருக்கு அந்தச் சொற்கள் ஒட்டுவதில்லை, அதில் தவறும் இல்லை.

ஹெப்பகோடியில் இந்த வேலைக்கென்று ஒரு தனி நிபந்தனை உண்டு. காகிதம் இங்கே ஆபத்தானது. மூன்று பேர், நான்கு பேர் சேர்ந்து தங்கும் அறையில் ஒரு சார்ட் பேப்பரைச் சுருட்டி எங்கே வைப்பது? பெட்டியைத் திறந்து பார்க்க ஆளிருக்கும். ஊருக்குப் போனால் பையைத் துழாவ அக்காவோ அண்ணியோ இருப்பார்கள். அதனால் நான் அழிக்கக்கூடியவற்றோடுதான் தொடங்குகிறேன். பாட்டரி டவுனிலிருந்து வாங்கிவரும் களிமண், சிலேட்டும் சாக்பீஸும், கோலமாவு, ஒரு நீளமான பருத்திக் கயிறு. காகிதத்தில் வரைந்தால் அது என் அறையிலேயே பூட்டில் இருக்கும், வரைந்தவர் கேட்டால் அவர் கையால் கிழிக்கப்படும். யாரும் செல்பேசியில் படம் எடுக்கக் கூடாது. என் மேற்பார்வையாளரிடம் பேசும்போதுகூட வாயால் விவரிப்பேனே தவிர, அனுமதி இல்லாமல் காட்ட மாட்டேன். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. என்னைப் பொறுத்தவரை அந்த உரிமை பேச்சுக்கு எவ்வளவோ, பிசைந்த மண்ணுக்கும் அவ்வளவு.

மண்ணைப் பற்றிச் சொல்கிறேன். கார்மென்ட்ஸில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு பெண். தூக்கம் வரவில்லை என்று வந்தவர். கல்யாணப் பேச்சு எடுத்தாலே வயிற்றைப் புரட்டுகிறது என்றார். அறைத்தோழியின் பெயர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்தது, அதை நான் தொடவில்லை. மண்ணை உருட்டினார், தட்டினார், கட்டைவிரல் உயரத்தில் ஏதோ ஒன்று நின்றது. இந்த இடத்தில்தான் எங்கள் வேலையின் மொத்தமும் இருக்கிறது. "இது யாரு?" என்று கேட்டால் முடிந்தது, பதில் சொல்லியாக வேண்டும். "இது நீங்கதானே?" என்று கேட்டால் அதைவிட மோசம். நான் கேட்பது இப்படித்தான்: இது கனமா லேசா? எந்தப் பக்கம் பார்த்து நிற்குது? பக்கத்தில் ஏதாவது வேணுமா?

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார். "இதுக்குச் சுத்தி இடம் பத்தலைக்கா."

"எவ்வளவு இடம் வேணும்?"

தண்ணீர்க் கிண்ணத்தை நகர்த்தினார். மிச்ச மண், ஈரத்துணி, மரக்கத்தி, என் நோட்டுப்புத்தகம் எல்லாவற்றையும் மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார். நாற்காலியோடு நானும் பின்னால் நகர வேண்டியிருந்தது. "இவ்ளோ" என்றார்.

அன்றைக்கு வேறெதுவும் பேசவில்லை. கிளம்பும்போது "அழிச்சிடலாமா?" என்று கேட்டார். உங்க மண்ணு, உங்க இஷ்டம் என்றேன். கைக்குள் வைத்து நசுக்கி வாளியில் போட்டு ஈரத்துணியால் மூடினார். அடுத்த தடவை அதே வாளியிலிருந்து மண் எடுத்து இரண்டு உருவம் செய்தார். பல வாரம் கழித்துத்தான் அந்தத் தோழியைப் பற்றிப் பேசினார். சொல்லும்போது அவர் குரல் நடுங்கவில்லை.

எந்த ஊடகம் யாருக்கு என்பது பெரிய விஷயம். உடல் வரைபடம் என்று ஒரு முறை இருக்கிறது. ஆளைக் காகிதத்தில் படுக்கவைத்து உருவத்தைச் சுற்றிக் கோடு போட்டு, அதற்குள் வண்ணம் தீட்டுவது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், எச்ஐவியோடு வாழும் பெண்களிடையே 2002 வாக்கில் உருப்பெற்றது. அருமையான முறை. ஆனால் தன் உடலையே தனக்கு ஒவ்வாததாக உணரும் ஒருவரையும், அத்துமீறலுக்கு ஆளான ஒருவரையும் படுக்கவைத்து உடலை ஒட்டிக் கோடிழுப்பதை நான் செய்ய மாட்டேன். பருத்திக் கயிறு அதற்குத்தான். தரையில் கயிற்றை அவரே போடுவார், தன் உருவத்தை எப்படி வேண்டுமோ அப்படி. தோளை அகலமாக்கலாம், இடுப்பை வளைக்கலாம், அடுத்த நிமிடம் மாற்றலாம். திருநம்பி ஒருவர் மார்புப் பகுதியில் கயிற்றை நேராக இழுத்துவிட்டு, எழுந்து நின்று, அறையைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தார். பிறகு திரும்பி வந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அதற்கு ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

கோலமாவுக்கு வருகிறேன். முப்பதைத் தாண்டிய ஒருவர், சிஎன்சி மெஷின் ஓட்டுபவர், மாவைப் பார்த்ததும் முகம் மாறினார். உட்காராமல் குனிந்தபடியே 15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி வைத்தார். அளவு பிசகவில்லை. விரலிடுக்கில் மாவு விழும் வேகமே தெரிந்தவர் கை என்று சொல்லியது. சின்ன வயதில் வீட்டுக்குப் பின்னால் போடுவாராம். வாசலில் போட்டபோது அப்பா அடித்திருக்கிறார், பொட்டப்புள்ள வேலை என்று. இதைக் கேட்கும் ஒரு மாணவர் உடனே முடிச்சுப் போட்டுவிடுவார்: ஆண், கோலம், ஆகவே. அவரே அந்த முடிச்சை அவிழ்த்தார். "கோலம் எனக்குப் பிடிக்கும்க்கா, அவ்ளோதான். அதுக்கும் நான் ஆம்பளைய விரும்புறதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஆனா ரெண்டுக்கும் ஒரே அடிதான் விழுந்துது."

இதை இவ்வளவு தெளிவாக எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. ஒருவர் எப்படி நடக்கிறார், என்ன உடுத்துகிறார், கையால் என்ன செய்யப் பிடிக்கிறது என்பது ஒன்று. தன்னை யாராக உணர்கிறார் என்பது வேறொன்று. யார்மேல் மனம் போகிறது என்பது மூன்றாவது. ஊர் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே கம்பால் அடிக்கிறது. அந்த மூட்டையைப் பிரித்து, எது எதற்காக விழுந்த அடி என்று பார்க்க அவருக்குப் பல வாரம் கோலம் தேவைப்பட்டது.

வேடம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வட்டாரம் வேடம் அறிந்த வட்டாரம். பெங்களூரு தர்மராய சுவாமி கோயிலின் கரகத்தில் திகளர் சமூகத்து ஆண் ஒருவர் புடவை உடுத்தி, வளையல் போட்டு, மல்லிகை மூடிய கரகத்தைத் தலையில் சுமந்து திரௌபதியாக வருகிறார். சைத்ர பௌர்ணமி இரவில் ஊரே அவரைக் கும்பிடுகிறது. ஹெப்பகோடி அடங்கிய ஆனேகல் தாலுகாவிலும் கரகம் உண்டு. கிருஷ்ணகிரி, தர்மபுரிக் கூத்தில் பெண் வேடம் கட்டும் ஆண்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள். நம் மரபிலேயே எல்லாம் இருக்கிறது என்று சொல்லிப் பெருமூச்சு விடுவது எனக்கு உடன்பாடில்லை. சாமிக்குக் கொடுக்கும் உரிமையை ஊர் மனிதனுக்குக் கொடுப்பதில்லை. ஆனால் வேடம் என்றால் என்ன என்று இவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, அது பெரிய வசதி. ஒரு துப்பட்டா, ஒரு துண்டு, ஒரு தலைப்பாகை போதும். போட்டுப் பார்க்கிறார்கள், நடக்கிறார்கள், வேறு குரலில் பேசுகிறார்கள்.

கூத்துக்காரர்களிடமிருந்து நான் கற்றது வேடத்தைக் கலைப்பது. எண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்து முகம் கழுவாமல் அவர்கள் வீட்டுக்குப் போவதில்லை. என் அறையிலும் கடைசிக் கால் மணி நேரம் அதற்குத்தான். துண்டை மடித்து வைப்பார்கள், கை கழுவுவார்கள். பிறகு நான் கேட்பேன்: மணி என்ன, எந்த பஸ், ரூமில் இப்போ யார் இருப்பாங்க, கண் சிவந்திருக்கே என்று கேட்டால் என்ன சொல்வீங்க. அறைக்குள் திறந்துவிட்டு மூடாமல் அனுப்பினால், திறந்த நெஞ்சோடு ஒருவர் பி ஷிப்டு முடிந்து வந்தவர்கள் நிறைந்த அறைக்குள் போய் நிற்பார். சிகிச்சையின் ஆழத்தைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள், இந்தக் கால் மணி நேரத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

காலி நாற்காலியும் வேடம் கட்டுவதுபோலத்தான். மொரேனோ வியன்னாவில் தொடங்கிய உளநாடகத்திலிருந்து வந்த உத்தி. எதிரில் ஒரு நாற்காலி, அதில் அம்மா இருப்பதாக வைத்துப் பேசுவது, பிறகு எழுந்துபோய் அதில் உட்கார்ந்து அம்மாவாகப் பேசுவது. மகனாகப் பேசும்போது திக்கித் திணறிய ஒருவர், அம்மாவின் நாற்காலிக்குப் போனதும் முந்தானையால் முகம் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எனக்குத் தெரியும்டா. நீ வாயத் தொறந்து சொல்லிடக் கூடாதுன்னுதான் தினம் விளக்கேத்துறேன்." சொல்லிவிட்டு அவரே அதிர்ந்துபோனார். அவருடைய அம்மா உண்மையில் அப்படி நினைக்கிறாரா என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. ஆனால் தான் அம்மாவை எப்படித் தூக்கிச் சுமக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்தது.

இந்த நாற்காலிப் பேச்சை, வீட்டில் உடைத்துச் சொல்வதற்கான ஒத்திகையாக நான் நடத்துவதில்லை. வீட்டில் சொல்வதுதான் விடுதலை என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. சொந்தச் சம்பளமும் தனி அறையும் துணைக்கு நாலு நண்பர்களும் உள்ளவருக்கு அது சரியாக இருக்கலாம். மாதச் சம்பளத்தில் பாதி ஊருக்குப் போகிற, அடுத்த வாரம் பெண் பார்க்கக் கூப்பிடுகிற ஒருவர் எப்போது, யாரிடம், எவ்வளவு சொல்வது என்பது அவர் கணக்கு.

பெற்றோர் வருவார்கள். "எப்படியாவது மாத்திக் குடுங்கம்மா" என்பார்கள். அழுகிறவர்களிடம் சட்டம் பேசுவது எனக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பை மாற்றுகிறேன் என்று சொல்லிச் செய்யும் "சிகிச்சை"களுக்குத் தடை விதித்தார். இந்த விஷயத்தில் தனக்குப் போதிய அறிவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் வித்யா தினகரனிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அந்த உத்தரவை எழுதினார். அதன் தொடர்ச்சியாக, இப்படிச் செய்வது மருத்துவருக்கு ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. ஒரு நீதிபதியே உட்கார்ந்து படித்தார் என்று சொன்னதும் சில அப்பாக்களின் கை தளர்வதைப் பார்த்திருக்கிறேன். அதன்பிறகு அவர்களிடமும் ஒரு கட்டி மண்ணைக் கொடுப்பேன். பேசத் தெரியாத அப்பாக்களுக்குக் கை வேலை பெரிய உதவி.

சுவரில் வரைவதும் மேடையில் நடிப்பதும் இதே வேலையா என்று கேட்கிறார்கள். இல்லை, ஆனால் பக்கத்து வேலை. 2016இல் பூர்ணிமா சுகுமார் தொடங்கிய அரவானி ஆர்ட் ப்ராஜெக்ட்டில் திருநங்கைகள் பெங்களூரின் சுவர்களில் ஓவியம் தீட்டுகிறார்கள். பட்டப்பகலில் சாரத்தின்மேல் நின்று, கூலியோடு, போகிறவர் வருகிறவர் பார்க்க. நாமக்கல் பக்கத்திலிருந்து வந்து பெங்களூரு சங்கமா அமைப்பில் பணியாற்றிய திருநங்கை ரேவதி, தன் வாழ்க்கையை 'வெள்ளை மொழி'யாக எழுதினார். அது அ. மங்கையின் இயக்கத்தில் அவரே நடிக்கும் மேடை நிகழ்வாகவும் ஆனது. பார்வையாளர் முன் நிற்கும் வலிமை அங்கே வருகிறது. என் அறையில் பார்வையாளர் கிடையாது, பாராட்டும் கிடையாது. சிலருக்கு முதலில் மேடை வேண்டும், சிலருக்கு முதலில் மூடிய கதவு வேண்டும். என் அறையிலிருந்து சுவருக்குப் போனவர்கள் இருக்கிறார்கள், மேடையில் கைதட்டல் வாங்கிவிட்டு என் அறைக்கு வந்து அழுதவர்களும் இருக்கிறார்கள்.

பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் முதல் நாள் நான் சொல்வது, மனித உருவம் வரையும் பரிசோதனையின் கையேட்டை மூடி வையுங்கள் என்பதைத்தான். பிறகு ஒருவர் மண் பிசைய, மற்றவர் ஒரு விளக்கமும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பத்து நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாமல் "ஏன் தலை இவ்வளவு சின்னதா இருக்கு?" என்று கேட்டுவிடுகிறார்கள். திரும்பச் செய்யச் சொல்வேன்.

துணைநிலைச் சுகாதாரத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் ஓவிய, நடன, இயக்கச் சிகிச்சையாளர்களும் இடம்பெற்றிருக்கிறார்கள். எங்களுக்கென்று நடத்தை விதிகள் எழுதப்படும்போது, வரைந்தவருக்கே படம் சொந்தம் என்றும், எவருடைய பாலீர்ப்பையோ பாலினத்தையோ கண்டறிய அதைப் பயன்படுத்துவது தொழில் குற்றம் என்றும் அதில் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் கோரி, சக சிகிச்சையாளர்களோடு சேர்ந்து தமிழிலும் கன்னடத்திலும் ஒரு மனு தயாரித்துக்கொண்டிருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் விருப்பமுள்ளவர்கள் வரைவைப் படித்துத் திருத்தித் தருகிறார்கள்.